ஐந்தாவது ஆள்

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் செல்வக்குமார் நாவலும் எழுதுகிறவர். தம் நாயகனையும் நேர்மையான ஃபோர்மேனாக்கி, சோதனைமேல் சோதனை வைத்தார். தீப்பிடித்தால் ஓடித் தப்ப வேண்டும், அதனால் ஓர் அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம். சீசன் அவசரத்தில் ஐந்தாவதாக வந்து உட்கார்ந்த மனைவியையே நாயகன் வெளியே அனுப்பினான். அவள் அவனை நினைத்துப் பெருமைப்பட்டாள் என்று அத்தியாயம் முடிந்தது.

அதே கம்பெனியில் திரி செருகும் அவர் மனைவி வேல்விழி அதைப் படித்தாள். "பெருமைப்பட்டாளாக்கும்? அத்தன பேரு முன்னால எந்திரிச்சுப் போனவளுக்கு வயிறு எரியாதா? அவனத்தான் சோதிச்சீக, அவள ஒரு வார்த்த கேக்கலயே."

செல்வக்குமார் முறைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் ஆர்டர் நெருக்கியது. தோழி கூப்பிட்டாள் என்று வேல்விழியே ஓர் அறையில் ஐந்தாவதாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற செல்வக்குமார் தலைகளை இரண்டு முறை எண்ணினார். "வெளிய வா" என்று சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

சாயங்காலம் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. கை கழுவியதும் அவர் அத்தியாயத்தின் கடைசி வரியை அடித்து நீக்கினார்.

"நாளைக்கும் போய் உக்காந்தா அனுப்புவீகளா?" என்றாள் வேல்விழி, சுவரைப் பார்த்தபடி.

"அனுப்புவேன்."

"நாளைக்கும் நான் பேசமாட்டேன். அதையும் எழுதுங்க."