மார்த்தா கூப்பிடாத ஆள்

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில், வங்காலை மார்த்தாவின் மேல் செத்தவர்கள் வந்து பேசுவார்கள் என்று மன்னார்ப் பக்கம் எல்லாரும் நம்பினார்கள். கச்சேரி உத்தியோகத்தர்கள்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதற்காக மார்த்தாவைப் பொய்க்காரி என்று சொல்லவும் மனம் வரவில்லை.

காலைப் பூசை கண்டு வந்தபின் பாயில் உட்காருவாள். எதிரே இருப்பவர் செத்தவரின் பெயரைச் சொன்னதும் அவளுக்குக் கண் சொருகும், குரல் மாறும். தெளிந்தபின் தான் பேசியது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அதனால் ஒரு கட்டாயம் வைத்திருந்தாள்: வந்தது யார், சொன்னது என்ன என்று ஒன்றும் விடாமல் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் படலையைத் தாண்டலாம். தன் வாயால் என்ன போனது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பங்குச் சுவாமி பிரசங்கத்தில் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுநாளும் பாயை விரித்தாள்.

அவள் புருஷன் சிங்கராசா, கருவாடு ஏற்றிக்கொண்டு வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போனவன். வள்ளம் அங்கேயும் சேரவில்லை, இங்கேயும் திரும்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"அவனை ஒருக்காக் கூப்பிட்டுப் பாரன்" என்றார்கள்.

"உயிரோட இருக்கிற மனிசனை எப்பிடிக் கூப்பிடுறது?" என்று எரிந்து விழுவாள்.

கூப்பிட்டு, அவன் வந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே மூன்று வருஷம் போனது. பாவம்தான்.

ஒரு நாள் மன்னாரிலிருந்து நசீறா என்றொருத்தி வந்தாள். தன்னைப் பெற்ற உம்மா தன்மேல் கோபத்தோடேயே மௌத்தாகிக் கண்ணை மூடினாளா என்று அறிய வேண்டியிருந்தது அவளுக்கு. உம்மாவின் பெயரைத்தான் சொன்னாள். வந்ததோ ஆண்குரல்.

"மார்த்தா, இனி என்ரை வழியைப் பாத்துக்கொண்டிராதை."

அவ்வளவுதான். சிங்கராசாவின் கதை நசீறாவுக்கும் தெரியும்.

மார்த்தா கண்ணைத் திறந்தாள். "ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை, அக்கா."

"உம்மாவும் வரேல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் பிள்ளை அழுறாய்?"

நசீறா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேரம் போச்சுது, நான் வாறன்" என்று எழுந்து போனாள். மார்த்தா மறிக்கவில்லை.

மறுநாள் மார்த்தா பங்குச் சுவாமியிடம் போய், சிங்கராசாவுக்கு ஆத்துமப் பூசை வைக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அவன் செத்தது உனக்கு ஆர் சொன்னது?" என்றார் சுவாமி.

"ஒருத்தரும் சொல்லேல்லை, சுவாமி. என்ரை வாயால வந்ததைக் கேட்டவளுக்கு, அதைத் திருப்பிச் சொல்ல வாய் வரேல்லை."