அன்புவின் தாளில் விழுந்த ஐந்து மார்க்

அருள்ராஜ் நாசரேத்துப் பக்கத்து ஆள். தகப்பனாரைப் பெற்றவர் உபதேசியார், தகப்பனாருக்கு மூத்தவர் உபதேசியார், அத்தையைக் கட்டிக்கொடுத்த இடமும் உபதேசியார் வீடுதான். தாய்மாமன் ஒருவர் மட்டும் சயின்ஸ் வாத்தியாராகி, தவளையை அறுத்துக் காட்டிப் பேரெடுத்தார். அருள்ராஜுக்கு இரண்டு பக்கத்து ரத்தமும் ஓடியது. டெல்லி ஜனக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் வேலை. ஞாயிறானால் சபையில் பெரிய பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி. வார நாளில் குரங்குக்கும் மனுஷனுக்கும் மூதாதை ஒன்று என்பார். ஞாயிறு காலையில், ஆறாம் நாள் ஆண்டவர் மண்ணைப் பிசைந்து மனுஷனை உண்டாக்கினார் என்பார். எது சரி என்று இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

போன டிசம்பரில் பள்ளிக்கூடத் தேர்வும் ஞாயிறு பள்ளித் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஞாயிறு பள்ளித் தேர்வையும் இங்கிலீஷில்தான் எழுதுவார்கள். இரண்டு விடைத்தாள் கட்டும் ஒரே சாப்பாட்டு மேசையில் கிடந்தன. அன்பு என்கிற பையன் இரண்டு வகுப்பிலும் இருந்தான். மனிதன் தோன்றியது எப்படி என்ற பள்ளிக்கூடக் கேள்விக்கு, அவன் ஆறாம் நாளையும் மண்ணையும் எழுதி வைத்திருந்தான். அருள்ராஜ் ஞாயிற்றுக்கிழமைக் கையால் ஐந்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் ‘குட்’ என்றும் எழுதிவிட்டார்.

அன்புவின் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் மனசு கொள்ளவில்லை. பாஸ்டரிடம் சொன்னாள். பாஸ்டர் அடுத்த ஆராதனையிலேயே, “நம்ம அருள்ராஜ் அண்ணாச்சி பள்ளிக்கூடத்துலயே சாட்சி சொல்லிட்டாவ” என்று அறிவித்தார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. அருள்ராஜ் எதற்கென்று விளங்காமல் தானும் சேர்ந்து சொன்னார்.

மறுநாள் தலைமையாசிரியை பிரியதர்ஷினி கூப்பிட்டார்.

“ஷ்வேதாவோட அப்பா வந்து நிக்கறார் சார். பரிணாமத்தை எழுதின அவர் பொண்ணுக்கு நாலு, மண்ணுன்னு எழுதின அன்புக்கு அஞ்சாம். கைதவறிப் போட்டதுன்னா வெட்டிடுங்க, முடிஞ்சுது. யோசிச்சுத்தான் போட்டீங்கன்னா அதையும் சொல்லிடுங்க. அடுத்த வருஷ கான்ட்ராக்ட் என் டேபிள்லதான் இருக்கு.”

கைதவறிப் போட்டது என்று சொல்ல வாயெடுத்தவர், நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி தங்கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“கட்டு மாறிட்டுன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே. இதுல என்ன மலைப்பு?”

“மாறிட்டுன்னுதான் நெனைக்கேன். ஆனா படிச்சுப் பாத்துதான் போட்டேன் தங்கம். சரின்னுதான் பட்டுது.”

“அப்போ அந்தப் பொண்ணு எழுதுனது?”

“அதுவும் சரிதான்.”

“நல்ல ஆளு. உங்க தாய்மாமா இருந்தா தவளைய விட்டுட்டு உங்கள அறுத்திருப்பாரு.”

அதற்குள் விஷயம் கேள்விப்பட்ட பாஸ்டர் போன் செய்தார். “வெட்டிராதீங்க அண்ணாச்சி. சபைக்கு முன்னாடி சொல்லியாச்சு. வேணும்னா ரெண்டையும் சொல்லிக்குடுங்க, பிள்ளைங்க பாத்து எடுத்துக்கிடட்டும்.”

“அப்போ ஞாயித்துக்கிழமையும் ரெண்டையும் சொல்லட்டுமா பாஸ்டர்?”

“அது எதுக்கு அண்ணாச்சி?” என்றார் பாஸ்டர்.

மறுநாள் இடைவேளையில் அருள்ராஜ் அன்புவை வரச் சொல்லி, அவன் முன்னாலேயே ஐந்தை அடித்துவிட்டு சைபர் போட்டார். பையனுக்குக் கோபம் வரவில்லை. தாளையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

“ஸண்டே பேப்பர்ல இதே ஆன்சருக்கு ஃபுல் மார்க் போட்டீங்களே சார், அதையும் அடிப்பீங்களா?”

“இல்லடே. அது வேற பேப்பர்.”

“கொஸ்டின் ஒண்ணுதானே சார்?”

“இது பயாலஜிடே. பயாலஜி என்ன சொல்லுதோ அத எழுதணும்.”

“அச்சா. ஆனா நெஜமா எது நடந்துச்சு சார்?”

மணி அடித்தது. பையன் போகாமல் நின்றான். “கிளாஸுக்குப் போ” என்றார் அருள்ராஜ்.

கான்ட்ராக்டில் கையெழுத்து விழுந்தது. சாயங்காலமே பாஸ்டரைப் போய்ப் பார்த்து, ஞாயிறு பள்ளி வகுப்பைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்.

“விசுவாசம் விட்டுப்போச்சா அண்ணாச்சி?”

“அப்படித் தெரியல பாஸ்டர். இருக்கு. அந்தப் பையன் திருப்பியும் கேட்டான்னா என்னத்தச் சொல்ல?”

அந்த ஞாயிறு அவர் பெரியவர்கள் வரிசையில் தங்கத்தோடு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர், “கிளாஸ் இல்லியா?” என்றார். “லீவு” என்றார் அருள்ராஜ். பிள்ளைகளின் அறையிலிருந்து அன்புவின் குரல் புது ஆளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. என்ன பதில் வருகிறதென்று காதைக் கொடுத்துப் பார்த்தார். இங்கே பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்த பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார்.