ஆறு பேர் போட்ட ஒரே மதிப்பெண்

இன்று காலை சாத்தூர்ப் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து அமர்ந்தவர் ஞானமுத்து சார். என் ஆராய்ச்சிக்காக விடைத்தாள் திருத்தித் தரும் ஆறு ஆசிரியர்களுள் ஒருவர்.

ஒரே விடைத்தாளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்பதே, சட்டம் படித்த நான் உதவித்தொகை பெற்று முனைவர் பட்டத்துக்கு ஆராயும் பொருள் என்பதைப் படிப்பக நண்பர்கள் அறிவீர்கள்.

"வக்கீல் சார், தாளெல்லாம் திருத்தியாச்சு. ஒரு மார்க்குகூடப் பிசகாது."

"பிசகாதுன்னா எப்படி சார்?"

"ஆளாளுக்கு ஒண்ணு போட்டா மேல உள்ளவுக உங்களத்தான கேப்பாக? அதான் ஆறு பேரும் உக்காந்து பேசி, ஒரே மார்க்காப் போட்டுட்டோம். ஒண்ணுக்கும் கவலப்படாதீக."

அவர்களுக்கு எட்டு விதிகள் எழுதிக் கொடுத்திருந்தேன். மதிப்பெண் எழுதும் சீட்டின் அகலம் வரை அவற்றில் உண்டு. தனித்தனியே திருத்த வேண்டும் என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று எண்ணிவிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் ஆய்வறிக்கை போகாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். பாதியில் விலகினாலோ, பெற்றது முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அதற்கு ஈடாகக் காரியாபட்டியில் என் மாமனாரின் நிலம் இருக்கிறது. அந்த ஈட்டுப் பத்திரத்தை எழுதியவனும் நானே. அதில் ஓர் ஓட்டையும் கிடையாது.

"ரொம்ப நன்றி சார்," என்றேன். சாத்தூர் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

வழி தெரிந்தவர்கள், படிப்பகப் பலகையில் நான் ஒட்டியுள்ள இத்தாளின் கீழேயே எழுதலாம். தயவுசெய்து ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் எழுதவும்.