அமுக்குணியின் கால்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அமுக்குணி என்றுதான் கூப்பிட்டார்கள். லேசில் வாய் திறக்க மாட்டாள் என்பது ஒரு காரணம். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினில் அமுக்குவது அவள் வேலை என்பது இன்னொன்று. பெயர் வைத்தவள் பக்கத்து மேசையில் விரிப்பு மடிக்கும் மடிப்பக்கா.

ஜன்னல் வைத்த மேல்தளத்தில் இருக்கும் மெஷின்களை, ஜன்னலே இல்லாத கீழ்த்தளத்துக்கு இறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் மேனேஜரிடம் போனவளும் மடிப்பக்காதான். மழை, மகன் கல்யாணம், முட்டிவலி என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்க்கலாம்மா" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் கிடப்பில் போட்டாயிற்று என்று அர்த்தம்.

"மேனேஜர் நடத்தற அடுத்த கூட்டத்துல அமுக்குணி பேசட்டும். எனக்குத்தான் வாய் ஜாஸ்தியாப் போச்சே," என்றாள் மடிப்பக்கா.

கூடமே சிரித்தது. அமுக்குணி சிரிக்கவில்லை. கீழே ஒரு மெஷினை ஓட்டிச் சோதித்த அன்று அதன் முன் நின்றவள் அவள்தான். ஆவி போக வழியில்லாமல், ஈரத்துணியை முகத்தில் போட்டு மூடியதுபோல் மூச்சு முட்டியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பினால் விடை தெரிந்தும் சொல்ல வராமல் நின்று அழுதவள், படிப்பையும் பாதியில் விட்டவள். ஆனால் நாள் முழுக்க அந்தப் புழுக்கத்தில் நிற்பதைவிடக் கூட்டத்தில் நிற்பது மேல் என்று பட்டது.

"பேசறேன்," என்றாள்.

கூட்டத்தில் காட்டப் படம் தயார் செய்ய, வீட்டில் நாத்தனார் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆபீஸில் மற்றவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. திரை முழுக்க ரோஜாப்பூ பூத்தது. எழுத்துகள் பறந்து வந்து விழுந்தன.

"எப்படி இருக்கு அண்ணி?"

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு."

"வெளியிலதான் வாயில்லாப் பூச்சி. வீட்டுல நக்கலப் பாரு!"

"பூவை எடுத்துடு. எழுத்தையும் எடுத்துடு. மேனேஜர் அதப் படிச்சிட்டிருந்தா என் பேச்ச யாரு கேப்பா?"

கடைசியில், சோதனை அன்று போனில் எடுத்த ஒரே படம் மிஞ்சியது: கீழ்த்தளத்துச் சுவரில் ஆவி பட்டு வழிந்த தண்ணீர்.

பேச வேண்டியதை வேலை நேரத்தில் மெஷினைப் பார்த்தே சொல்லிப் பழகினாள். பெடலை மிதித்தால் மூடி இறங்கும், ஆவி உஸ்ஸென்று சீறும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் அமுக்குகிறவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, காலை எடுத்ததும் விட்ட இடத்தில் தொடர்வார்கள். அவளும் ஒரு வாக்கியம், ஒரு மிதி என்றே பழகினாள்.

கூட்ட அறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். திரையில் அந்த ஒரே படம். அமுக்குணி எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கீழ ஜன்னல் இல்ல."

வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பேச்சு நின்றது. மறந்துவிட்டாள் என்று நினைத்து, "அடுத்ததச் சொல்லுடி," என்று மடிப்பக்கா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

கால் எழுந்தது. "ஒரு மெஷின் ஓடினதுக்கே செவுத்துல தண்ணி வழியுது. படத்தப் பாருங்க."

மறுபடி மிதி. பார்க்க வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். போனைத் தடவிக்கொண்டிருந்த மேனேஜர் அதைக் கவிழ்த்து வைத்தார். அப்போதுதான் தன் கால் செய்யும் வேலை அவளுக்கே புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த மௌனத்தில் எல்லோரும் படத்திலிருந்து திரும்பித் தன் வாயையே பார்ப்பதையும் கவனித்தாள். சரி, இப்படியே போகட்டும்.

"மேல இடம் பத்தலன்னு சொல்றீங்க, புரியுது. மெஷினத் தாராளமா எறக்குங்க. ஆனா அதுக்கு முன்னால ஆவி வெளிய போக வழி வைங்க. எப்ப வைப்பீங்க?"

"பார்க்கலாம்மா," என்று மேனேஜர் சிரித்தார்.

அமுக்குணி தரையை மிதித்தாள். காலை எடுக்கவில்லை.

சுருக்கம் விடாத விரிப்பின்மேல் மூடியைக் கூடக் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பாளே, அதே மாதிரி நின்றாள். உட்காரவில்லை, முறைக்கவும் இல்லை. அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், தண்ணீர் குடித்தார்.

"இன்னும் ஏதாவது சொல்லணுமாம்மா?"

"சொல்லிட்டேன் ஐயா. பதிலுக்குத்தான் நிக்கறேன்."

அவர் பக்கத்தில் இருந்த இன்ஜினியரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு நிமிர்ந்து, "வழி வைக்கிற வரைக்கும் ஒரு மெஷினும் எறங்காது. எழுதியே தர்றேன், போதுமா?" என்றார்.

அவள் காலை எடுத்தாள்.

"அடியே, மனுஷனையே இஸ்திரி போட்டுட்டியே!" என்று வெளியே வந்ததும் மடிப்பக்கா தோளில் தட்டினாள். "வா, வேலையப் பாப்போம்."

"நீங்க போங்கக்கா. இன்னும் எழுதித் தரலியே," என்றாள் அமுக்குணி. மேனேஜரின் அறை வாசலுக்குப் போய், வலது காலை ஊன்றி நின்றுகொண்டாள்.