மார்லிஸ் பரிந்துரைத்த பெட்டி

ஓவர்சன் பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் ஒன்பதாம் சேனல். ஹில்டா வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே ஐந்து சேனல்கள். மே மாதம் இலை விட்ட மேப்பிள் மரங்களுக்குப் பின்னாலிருந்து, எல்லோரும் கைவிட்ட பதினான்காம் சேனல். முழங்கால் அறுவைக்குப் பிறகு ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாற்பத்தொரு கூரைகள். என் தங்கை மார்லிஸ் டோலெஃப்சன் ஆண்டெனா மாட்டி வென்றெடுத்தவை இவை. எல்லாம் தேதியோடு என் நோட்டில் இருக்கின்றன. எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

கூரை மேல் நிற்கும்போது அவள் பேசுவது ஒரே வாக்கியம்தான். "எவ்வளவு அக்கா?" கீழே வரவேற்பறையில் டிவி முன்னால் உட்கார்ந்து சிக்னல் எண்ணை நான் ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும். அறுபத்தொன்று என்றால் ஆண்டெனாவை ஒரு விரல்கடை திருப்புவாள். எழுபத்தாறு என்றால் குழாயை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு முப்பது எண்ணுவாள். முப்பது எண்ணியும் எண் இறங்காவிட்டால்தான் திருகாணியை முடுக்குவாள். "நல்லா தெரியுதும்மா, இறங்கு" என்று வீட்டுக்காரர் சொன்னால் கேட்கமாட்டாள். "இப்ப தெரியும். காத்தடிச்சா படம் கட்டம் கட்டமா உடையும். அப்ப யாரைத் திட்டுவீங்க?"

எங்கள் பக்கம் மலையும் பள்ளமுமான விஸ்கான்சின். கேபிள்காரர்களின் மாதச் சந்தாவை விட்டொழித்துவிட்டு, காற்றில் சும்மா வருகிறதை ஆண்டெனாவில் பிடிக்கிறவர்கள் இங்கே அதிகம். ஆனால் மாடு கறக்கிற நேரத்தில்தான் செய்தி வரும். தேவாலயத்தில் இருக்கிற நேரத்தில்தான் கால்பந்து வரும். அதனால் ஆண்டெனாவோடு பதிவுப் பெட்டியும் வேண்டும். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்க வருகிறவர்களிடம் மார்லிஸ் விலையைப் பேசமாட்டாள். "எந்த நிகழ்ச்சி விட்டுப்போனா உங்க வீட்ல சண்டை வரும்?" என்று கேட்பாள். அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் பெட்டி.

பெட்டிகளை அவள் சோதிக்கும் விதத்தைப் பார்த்தால் இளகிய மனம் உள்ளவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குவாள். ஐந்து நிமிடம் கழித்துச் செருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பெட்டி தானாக விழித்து, விட்ட இடத்திலிருந்து பதியத் தொடங்கினால் பாதிப் பரீட்சை பாஸ். ஜூலை மாதம் அதைக் கதவு மூடிய அலமாரிக்குள் மூன்று நாள் ஓடவிடுவாள். "வெயில்ல வேலை செய்யாதவன் வைக்கோல் கட்ட ஆக மாட்டான்." அதிலும் பிழைத்தால் இணைய ஒயரைக் கழற்றிவிடுவாள். இணையம் இல்லாமல் கடிகாரத்தையும் சேனலையும் மறந்துபோகிற பெட்டியை அட்டைக்குள் போட்டு, வாங்கிய கடைக்கே அனுப்பிவிடுவாள்.

நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி அவள் பதிவு வைப்பதே இல்லை. எத்தனையாவது சேனல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அவ்வளவுதான். முடிவில் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக விடுவாள். "பேரை நம்பினா மேட்ச் இழுத்துக்கிட்டே போறப்ப பெட்டி நேரமாச்சுன்னு படுத்துடும். எண்ணு பொய் சொல்லாது." ரிமோட்டில் பதிவுப் பொத்தானுக்குச் சிவப்பு நகப்பாலிஷ், பார்க்கும் பொத்தானுக்குப் பச்சை. கண் மங்கிய கிழவர்கள் எல்லாம் இதற்காகவே அவளைக் கொண்டாடுகிறார்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பேரை நம்பாததற்கும் நகப்பாலிஷுக்கும் காரணம் ஒன்றுதான். மார்லிஸுக்கு வாசிக்கத் தெரியாது. எண்கள் அவள் கண்ணுக்கு அசையாமல் நிற்கும்; எழுத்துகள் நிற்காது. பள்ளியில் சோம்பேறி என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு நடுவில் பையை அடுப்பங்கரையில் போட்டவள் திரும்பப் போகவில்லை. நான் பத்தாவது முடித்துப் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குப் போனேன். மாலையில் வந்து அவளுக்குப் பெட்டிகளின் கையேடுகளை வாசித்துக் காட்டுவேன். "மறுபடி வாசி அக்கா" என்று ஒரு முறைதான் சொல்வாள். அதன் பிறகு அது மொத்தமும் அவள் தலையில் இருக்கும். கையெழுத்துக் கேட்டால் ஒரு கோடு, இரண்டு வளைவு. கொஞ்சம் பெரிய தாள் என்றால் அவள் பெயரை நானே போட்டுவிடுவேன். ஐம்பத்துநான்கு வயதுவரை இப்படித்தான் ஓட்டினோம்.

தப்பே செய்யாதவள் என்று சொல்லமாட்டேன். ஆறு வருடம் முன்பு எங்கள் ஊர் குட்ரூன் லியனின் பண்ணையைப் பற்றி ஒன்பதாம் சேனலில் அரை மணி நேரம் காட்டினார்கள். குட்ரூனின் கணவர் அதில் தன் பசுக்களைப் பெயர் சொல்லி அழைத்துக் காட்டினாராம். அன்று மாலை இடி, கரன்ட் போய்விட்டது. அதைப் பதியும் பெட்டிக்கு, கரன்ட் போனாலும் ஓட, யுபிஎஸ் வைத்திருந்தாள் மார்லிஸ். பெட்டி கடமை தவறாமல் ஓடியது. ஆனால் ஆண்டெனா சிக்னலைக் கூட்டித் தருகிற, பரணில் இருந்த பூஸ்டருக்கு யுபிஎஸ் வைக்க மறந்துவிட்டாள். ஆண்டெனாவிலிருந்து எதுவும் இறங்கவில்லை. இருபத்தெட்டு நிமிடம் வெறும் கறுப்புத் திரை பதிவாகியிருந்தது. அடுத்த மாதம் அந்த மனிதர் இறந்துபோனார். அந்தப் பதிவுத் தட்டை மார்லிஸ் தன் பட்டறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருக்கிறாள். என்ன அது என்று கேட்கிறவர்களிடம், "நான் படிச்ச படிப்பு" என்பாள்.

போன நவம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்வந்தாள். "அங்க சிக்னல் கோளாறு அக்கா, சீக்கிரம் தீராது" என்றாள். வேலைக்குப் போனால் எண்ணோடு திரும்புகிறவள், நூலகத்திலிருந்து ஓர் எண்ணும் கொண்டுவரவில்லை. பதினாறு செவ்வாய்க்கிழமைகளுக்கு நேராக என் நோட்டில் வெற்றுக் கட்டம்தான்.

மார்ச் தொடக்கத்தில் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் ஒரு பேச்சு வந்தது. கூடத்துக்கு ஒரு நல்ல பதிவுப் பெட்டி வேண்டும். மேலாளர் கோனி மூன்று பெட்டிகளைக் கூடத்தில் வைக்கச் சொன்னாள். ஒன்று விற்பனைக்காரர் வைத்துவிட்டுப் போனது, பார்க்க அழகு, இணையத்தை நம்பி வாழ்வது. இன்னொன்று கோனியின் மைத்துனர் டுவேன் தன் கணினியோடு சேர்த்து அமைத்தது. மூன்றாவது மார்லிஸுடையது.

"உன் பெட்டி என்ன மார்லிஸ், உங்க தாத்தா காலத்து ரொட்டி டப்பா மாதிரி இருக்கு?" என்றார் டுவேன்.

"ஆமாண்ணே. தாத்தா மாதிரியே நேரத்துக்கு எந்திரிக்கும். உங்களுது காலையில எந்திரிச்சதும் கண்ணாடி பாக்குற சாதி."

கோனி சொன்னாள்: "சனிக்கிழமை மாநில இறுதிப் போட்டி. எது முழு மேட்சையும் பிடிக்குதோ அதுதான் நம்ம பெட்டி. ஜெயிக்கிறவங்க பரிந்துரைத் தாளை வாசிச்சுப் பாத்து, இங்கயே கையெழுத்துப் போட்டுத் தரணும். நிர்வாகக் குழுவுக்கு அனுப்பணும்."

திரும்பி வரும்போது லாரியில், எங்கள் தெரு முனை வந்ததும் மார்லிஸ் கேட்டாள்: "அக்கா, ஜெயிச்சுட்டா என்ன பண்றது?"

"எப்பவும் போல நான் போட்டுடறேன்."

"ஊரே உக்காந்து பாக்குமே."

"அப்ப பெட்டியைத் திரும்ப எடுத்துக்கோ. முழங்கால் வலின்னு சொல்லிடலாம்."

அவள் பெட்டியை எடுக்கவே இல்லை.

போட்டி பெண்கள் கூடைப்பந்து. எங்கள் ஊர்ப் பள்ளி முப்பத்தோரு வருடம் கழித்து இறுதிக்கு வந்திருந்தது. அணியில் காயா என்ற பெண் இல்லத்தில் இருக்கும் ஐனார் பிரெக்கேயின் பேத்தி. ஐனார் மாமாவுக்கு எண்பத்தெட்டு வயது, சக்கர நாற்காலி. அரங்கத்துக்குப் போக முடியாது. காலையிலிருந்தே சட்டைக்கு மேல் பேத்தியின் பழைய ஆட்டப் பனியனை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார்.

அன்று பனிமழை. மரக்கிளையெல்லாம் கண்ணாடி பூசியதுபோல. நண்பகலில் எங்கோ இணைய ஒயர் அறுந்தது. அழகுப் பெட்டியின் முகத்தில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. முந்தைய ஆட்டம் சமநிலையாகி இரண்டு முறை நீண்டதால் இறுதிப் போட்டி நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நான்கு மணி அடித்தபோது இரண்டாம் பாதியில் பன்னிரண்டு நிமிட ஆட்டம் பாக்கி. டுவேனின் பெட்டியில் எரிந்த விளக்கு அணைந்தது. நிகழ்ச்சியின் பெயருக்கு எதிரே போட்டிருந்த நேரம் முடிந்துவிட்டதாம்.

"அடக் கடவுளே!" என்று டுவேன் ஓடிப்போய் மறுபடி பொத்தானை அழுத்தினார். அழுத்திய கையோடு கரன்ட் போனது.

கூடம் முழுவதும் ஒரே முனகல். இல்லத்தின் ஜெனரேட்டர் வெப்பத்துக்கும் ஆக்சிஜனுக்கும் மட்டும்தான். சாம்பல் நிற ஜன்னல் வெளிச்சத்தில், மூலையில் ரொட்டி டப்பாவின் சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்தது. மார்லிஸ் போய் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஓடுது," என்றாள்.

"மேல பரண்ல?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அதுக்கும் வச்சிருக்கேன்கா. ரெண்டு யுபிஎஸ்."

ஐனார் மாமா நாற்காலியைத் திருப்பி எல்லோரையும் பார்த்தார். "யாரும் போனை எடுக்கக்கூடாது! முடிவை முன்னாடியே சொல்றவனோட சாகிற வரைக்கும் சீட்டாட மாட்டேன்."

ஐம்பது நிமிடம் கழித்து கரன்ட் வந்தது. மார்லிஸ் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஒரு கட்டம்கூட உடையாமல் படம் வந்தது. கடைசி நிமிடத்தில் காயா எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறித்து, பாதி மைதானம் ஓடி, இரண்டு பேருக்கு நடுவே எம்பிக் கூடையில் போட்டாள். எங்கள் பள்ளி ஒரு புள்ளியில் தோற்றது. ஐனார் மாமா மூக்கைச் சிந்திவிட்டு, "தோத்தா என்ன, அந்த இடத்தை மறுபடி போடும்மா மார்லிஸ்" என்றார். நான்கு முறை போட்டாள்.

கோனி தாளைக் கொண்டுவந்து காபி மேசையில் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பழக்கத்தில் நான் என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து முன்னால் போனேன். "அவ கை விறைச்சுப் போயிருக்கு, நானே..." என்று தொடங்கினேன்.

மார்லிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து, பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்தாள். உதடு அசைந்தது. விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது, நின்றது, திரும்பிப் போனது, மறுபடி நகர்ந்தது. யாரோ இருமினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் போய்வந்த நூலகத்தின் கூரையில் ஆண்டெனாவே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன மார்லிஸ், இவ்வளவு நேரம்? தப்பு ஏதாவது இருக்கா?" என்றார் டுவேன்.

"இருக்குண்ணே," என்றாள், விரலை எடுக்காமல். "பெட்டிக்கு யுபிஎஸ்னு போட்டிருக்கு. பூஸ்டருக்கும் வேணும்னு போடல."

கோனி குனிந்து பார்த்து, "அட, ஆமா" என்று ஓரத்தில் எழுதிச் சேர்த்தாள்.

மார்லிஸ் பேனாவை, திருகாணியைப் பிடிப்பதுபோல் அழுத்திப் பிடித்து எழுதினாள். தன் முழுப் பெயர், ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்துகள். ஒன்றின் வால் மட்டும் கோட்டுக்குக் கீழே நீளமாக இறங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, கூரை மேலிருந்து கேட்கிற அதே குரலில், "தேதி என்னக்கா?" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: 2019 மார்ச் 9, சனிக்கிழமை.