டாக்டருக்காகப் படித்த டிரைவர்

இருபது வருஷமாக டாக்டரின் காரை ஓட்டியவர், அதில் ஒன்பது வருஷம் டாக்டருக்காகப் படிக்கவும் செய்தார். அவரிடம் யாரும் அப்படிப் படிக்கச் சொல்லவில்லை. உட்காரத்தான் சொன்னார்கள்.

டாக்டர்களின் அறிவு துருப்பிடித்துவிடக் கூடாதே என்று மருத்துவக் கவுன்சிலுக்குக் கவலை. ஐந்து வருஷத்தில் முப்பது பாயின்ட் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். கருத்தரங்குக்குப் போய், காலையில் ஒரு தடவையும் மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவையும் கழுத்தில் தொங்கும் அட்டையை மெஷினில் காட்டினால் பாயின்ட். கழுத்து யாருடையது என்று மெஷின் கேட்பதில்லை. டாக்டருக்கோ கிளினிக்கில் தலைக்கு மேல் வேலை. "நீ போய் உக்காந்துட்டு வாப்பா, ஏசி இருக்கும்" என்று அட்டையை டிரைவரின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மற்ற டாக்டர்கள் காலையில் அட்டையைக் காட்டிவிட்டுக் கம்பி நீட்டுவார்கள். டிரைவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சும்மா கொடுத்த நோட்டில் புரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால், "என்ன டாக்டரே, இன்னைக்கு என்ன பாடம்?" என்று மனைவி கிண்டலடிப்பாள். அவர் சிரிக்காமல் பாடத்தை ஒப்பிப்பார்.

ஒருநாள் கவுன்சில் விழித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்கிற மெஷினை வைத்தது. டாக்டருக்கு இன்னும் இரண்டு பாயின்ட் வேண்டும், அன்றைக்குத்தான் கடைசி நாள். வேறு வழியில்லாமல் தானே போய் உட்கார்ந்தார். அன்றைய தலைப்பு, 'நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?'

நாலேகாலுக்கு டாக்டர் தாடையைப் பிடித்தபடி கார் பக்கம் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"வண்டில வாயு மாத்திரை இருக்கா பாரு."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இடது கை வலிக்குதா சார்?"

"ஆமா. வாயுதான்."

"இது ஹார்ட் சார். ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நீ என்ன டாக்டரா? அஞ்சு மணிக்கு நான் முகத்தக் காட்டணும். முக்கா மணி நேரம்தானே!"

"தாடை வலி, வேர்வை, இடது கைன்னு வந்தா ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது சார். போன வருஷம் இதைக் கேட்டதுக்குத்தான் உங்களுக்கு ரெண்டு பாயின்ட் கொடுத்தாங்க."

டாக்டர் பதில் யோசிப்பதற்குள் அவரைப் பின் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். வண்டியை எடுத்த டிரைவருக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். சிக்னலில் டாக்டர் மறுபடியும் பாயின்ட்டைப் பற்றி முனகியபோது, இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதட்டினார்: "பேசாம படுங்க சார்!"

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் இதய டாக்டர். உயிர் வந்தது, பாயின்ட் போயிற்று. லைசென்ஸும் நின்றுபோயிற்று.

மூன்றாம் நாள் படுக்கையில் சாய்ந்தபடி டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த நோட்டெல்லாம் வச்சிருக்கியாப்பா?"

பதினோரு நோட்டுகள் வந்தன. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தார். கண்ணைச் சுருக்கினார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு எழுத்துகூடப் புரியலையே?"

"உங்க பேர்ல எழுதினது சார். அப்படித்தான் இருக்கும்."