சாத்தாவின் கசம்

அச்சன்புதூர்ப் பக்கம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் குளம், சித்திரையில் சுருங்கிச் சுருங்கி மடையடியில் ஒரு பள்ளமாக நிற்கும். கசம் என்போம். ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளிலும் அதில் மட்டும் யாரும் கால் வைப்பதில்லை. அது கரைமேல் கோயில்கொண்டிருக்கும் சாத்தாவின் பங்கு. வெயிலுக்குத் தப்பிய விராலும் கெளுத்தியும் அங்கே சேற்றை அணைத்துக் கிடக்கும். மழை வந்து குளம் நிறைந்தால் அவைதான் குளமெல்லாம் குஞ்சு பெருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின சித்திரையில், சென்னையிலிருந்து வந்த கூட்டாளிகளுக்கு விரால் குழம்பு வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். சந்தையில் வாங்கியிருக்கலாம். அவர்கள் முன்னால் எனக்குச் சாத்தாவையும் ஜெயிக்க வேண்டியிருந்தது. வயலில் கிடந்த டீசல் மோட்டாரை இழுத்துவந்து கசத்துக்குள் குழாயை விட்டேன்.

குளத்தில் மீன் பிடிக்க ஊர் உரிமை கொடுத்திருந்த வலைக்காரர் கரையிலேயே நின்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இது சாத்தா பங்குலா. வலை எறிஞ்சா கை வெளங்காது."

"ஏன்வே, சாத்தா என்னைக்கு மீன்கொழம்பு கேட்டாரு? பயமா இருந்தா வீட்ல போயி வெங்காயம் உரியும்."

கூட்டாளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை வலையோடு உள்ளே தள்ளியது. தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வயிறு புடைத்த ஒரு விராலை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, "செனையா இருக்கு அண்ணாச்சி, விட்டிருவமா?" என்றார். நான் கூடையை நீட்டினேன்.

ஐப்பசியில் குளம் தளும்பியது. அடுத்த சித்திரையில் இறங்கிய ஊர் வெறும் சேற்றோடு கரையேறியது. கொக்குகூட இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். "வலை எறிஞ்சவன் யாருலே? அவந்தான?" மோட்டாரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மோட்டார்க்காரனான நான் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வலைக்காரர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். 'நான்தான் இறங்கச் சொன்னேன்' என்ற மூன்றே சொல் போதும். நான் செல்போனை எடுத்து அதில் எதையோ தேடினேன். இனி அவர் குளத்தில் இறங்கக் கூடாது என்று விலக்கிவிட்டார்கள்.

இந்த ஆனியில் குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்குச் சற்றுத் தள்ளி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் வரிசையில் வலைக்காரர் இருந்தார். பார்க்காததுபோல் நடந்தேன்.

"ஏ அண்ணாச்சி! இங்கன வாங்க."

பலகையில் உட்கார்ந்தேன். வலைக்கயிறு காய்ப்பேற்றிய விரல்கள் என் பிடரியில் இறங்கின.

"கை நல்லாத்தான் வெளங்குது, பாத்தியளா!" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "கசத்துல மீன் வந்துட்டா அண்ணாச்சி? வந்திருந்தா, ஊர்ல மறுபடி என்னைய எறங்க விடுவாவளான்னு கேக்கணும்."

"வரலவே."

விரல்கள் நின்றன. மறுபடி நகர்ந்தன.

"அப்ப சாத்தாவுக்கு எம்மேல இன்னும் கோவம் போவல."

உம்மேல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தோள்லயும் கொஞ்சம் தேயும்வே" என்றேன்.